விசிறி சுழலாத காரும் ‘டைரக்ட்’ வைத்தியமும்

தில்லியில் பழைய கார் வைத்திருப்போர் கோடையில் ஒருமுறையேனும் கேட்டிருக்கக்கூடிய சொல் ‘டைரக்ட்’. வண்டி நெரிசலில் நின்று கொதித்துவிடுகிறது. ரேடியேட்டர் விசிறி சுழலவில்லை. சாலையோர மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பேட்டரியிலிருந்தோ சாவித் துளையின் பின்புறமிருந்தோ ஒரு கம்பியை நேராக இழுத்து விசிறி மோட்டாருடன் இணைத்துவிடுகிறார். சில நூறு ரூபாய்ச் செலவில் விசிறி ஓடத் தொடங்குகிறது. வண்டியை வீடு வரை கொண்டுவர இந்த ஏற்பாடு உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவே நிலையான தீர்வாகிவிடுவதை நாம் ஏற்கலாகாது.

அம்பாசடர் காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. அங்கே விசிறியை எஞ்சினே பெல்ட் வழியாகச் சுழற்றிற்று. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபின், எஞ்சினைக் குறுக்காகப் பொருத்திய சிறிய கார்கள் நம் சாலைகளை நிறைத்தன. இவற்றில் பெல்ட் விசிறிக்கு இடமில்லாமையால் அது மின்விசிறி ஆயிற்று. கூலன்ட் ஏறத்தாழ 95 டிகிரியைத் தொடும்போது வெப்பச் சுவிட்சு அதை உணர்கிறது, ரிலே இயங்குகிறது, ஃபியூஸ் வழியாக மின்சாரம் மோட்டாரை அடைந்து, எர்த் கம்பி வழியாகத் திரும்புகிறது. இச்சங்கிலியில் விலை மிகுந்த கண்ணி மோட்டார். பழைய வண்டியில் முதலில் பழுதாவது பெரும்பாலும் அதுவன்று. ரிலே, இணைப்பு, எர்த் போன்ற மலிவான கண்ணிகளே.

எங்கே கொதிக்கிறது என்பதை முதலில் கவனித்தல் வேண்டும். வண்டி வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். விசிறிக்கு அதிக வேலை இல்லை. ஆகவே ஐ.டி.ஓ. சந்திப்பில் நிற்கும்போது மட்டும் வெப்பமானி முள் ஏறி, சாலை திறந்தவுடன் இறங்கினால் ஐயம் விசிறியின் மீது விழ வேண்டும். யமுனா விரைவுச்சாலையில் சீராக ஓடும்போதும் ஏறினால், அடைபட்ட ரேடியேட்டர், திறவாத தெர்மோஸ்டாட், கசியும் பம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிவந்த ரேடியேட்டரில் உப்புப் படிவது இயல்பே.

விசிறிதான் என்று தோன்றினால், எஞ்சின் ஓடும்போது ஏ.சி.யைப் போட்டுப் பார்க்கலாம். பல கார்களில் ஏ.சி. இயங்கியவுடன் விசிறியும் சுழல வேண்டும். அப்போது சுழன்று, சூட்டில் மட்டும் சுழலாவிட்டால் மோட்டார் நலமாக இருக்கிறது. வெப்பச் சுவிட்சோ சென்சாரோதான் பேசவில்லை. இரண்டு நிலையிலும் சுழலாவிட்டால் ஃபியூஸைப் பார்த்து, பெட்டியில் அதே வகையைச் சேர்ந்த ரிலே வேறொன்று இருந்தால் இடம் மாற்றிப் பொருத்திச் சோதிக்க வேண்டும். பின்னர் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, ஃபியூஸுள்ள தனிக் கம்பியால் பேட்டரி மின்சாரத்தைச் சில நொடிகள் கொடுத்துப் பார்க்கலாம். ‘டைரக்ட்’ என்பதற்கு உரிய இடம் இதுவே: அது சோதனை, சிகிச்சை அன்று. சாவியை எடுத்த பின்னரும் சில வண்டிகளில் விசிறி தானே சுழலும், விரல்கள் கவனம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதோ அறவே கூடாது.

பலரும் மறப்பது எர்த் கம்பியை. மழையில் மிண்டோ பாலத்தடியில் தேங்கும் நீரைப் போன்ற நீரில் ஒருமுறை இறங்கி ஏறிய வண்டியின் இணைப்புகளில் சில மாதங்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கம்பி முழுமையாக இருப்பதுபோலவே தெரியும். மின்சாரம்தான் முழுமையாகப் போகாது. விசிறி ஓடும்போது மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மல்டிமீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையைச் சுரண்டித் துடைத்து இறுக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஓர் உப்புத்தாள்.

சென்சாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட இயலாது. 2024 மே 29 அன்று முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி என்று காட்டியதும் உலகமே அதிர்ந்தது. அது 3 டிகிரி கூடுதலாகக் காட்டிய உணர்கருவியின் பிழை என்று வானிலைத் துறை பின்னர் அறிவித்தது. அன்று சப்தர்ஜங்கில் பதிவானது 46.8. நாட்டின் தலைநகரில், அரசின் கருவிக்கே இது நேருமானால், பன்னிரண்டு கோடைகளைக் கண்ட காரின் சென்சார் எம்மாத்திரம்? அதுவும் எஞ்சினைக் குளிர்ந்திருப்பதாகக் காட்டினால் விசிறி சுழலாததோடு, பல வண்டிகளில் பெட்ரோலும் வீணாகும். எரிபொருளின் அளவைக் கணினி அந்த எண்ணைக் கொண்டே தீர்மானிக்கிறது. நேர்க்கம்பி போட்டவர் விசிறியைச் சரிசெய்துகொண்டார். இந்தக் கசிவு தொடரும்.

கேஷ் கவுண்டரில் மாலை இருப்பு ஐம்பது ரூபாய் குறைந்தால், தம் பையிலிருந்து போட்டு நேர்செய்துவிட்டுப் போகும் காசாளரை வங்கியில் நாங்கள் மெச்சுவதில்லை. நேர்க்கம்பியும் அத்தகையதே. ஆபத்தும் கூடுதல். ஃபியூஸ் இல்லாத கம்பியில், தேய்ந்த மோட்டார் இறுகி நின்றால் மின்னோட்டம் பன்மடங்கு உயரும். கம்பியின் உறை உருகும். சாவித் துளை வழியே இழுத்திருந்தால் அத்தனை ஆம்பியரைத் தாங்காத சுவிட்சு கருகும். எரிந்துபோன ஹெட் கேஸ்கட்டுக்குக் காப்பீடு உண்டா என்று வாடிக்கையாளர் சிலர் எங்களைக் கேட்பதுண்டு. வழக்கமான மோட்டார் பாலிசி இயந்திரக் கோளாறையும் மின்கோளாறையும் தேய்மானத்தையும் விலக்கியே வைத்திருக்கிறது.

“இன்னும் மூன்றாண்டுதானே, எதற்குச் செலவு?” என்ற வாதம் தில்லியில் வலுவானது. டீசலுக்குப் பத்தாண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்தாண்டு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 ஆண்டுகளில் வகுத்ததை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதன் நடைமுறை பின்னரும் விவாதத்துக்கு உள்ளாகி வந்திருக்கிறது. விதி எப்படியிருப்பினும், மீதமுள்ள காலம் குறுகியது என்பது ரேடியேட்டர், மோட்டார், விசிறிக்கூடு என எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றுவதற்கு எதிரான வாதமே தவிர, நூறு ரூபாய் ரிலேயைக் கண்டறிந்து மாற்றுவதற்கு எதிரானதன்று. காஷ்மீரி கேட் கடைகளில் பாகங்கள் கிடைக்காமற் போவதில்லை. கண்டறியும் பொறுமைக்குத்தான் பஞ்சம். அப்பொறுமைக்கு ஒரு மணி நேரக் கூலியைத் தனியாகக் கொடுக்க நாமும் முன்வர வேண்டும். பாகத்தை விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

ஓய்வுபெற்று வண்டியுடன் தமிழகம் திரும்ப எண்ணுவோருக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே பதிவைப் புதுப்பிக்கத் தகுதிச் சோதனை உண்டு. பானெட்டுக்கு அடியில் ஒட்டுக்கம்பிகள் தொங்கும் வண்டியைக் காட்டுவது நல்லதன்று. தடையில்லாச் சான்று கேட்கும் முன், முடிந்துபோன வாகனக் கடனின் அடமானப் பதிவு ஆர்.சி.யிலிருந்து நீக்கப்பட்டுள்ளதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கான படிவம் 35-ஐ வங்கிக் கிளையில் பெற்றுக்கொள்ளலாம்.