குடித்தனம் நடக்கும் கட்டடத்தில் விடுதி வேண்டாம்
திரியானாவின் சுற்றுலா வாடகை வீடுகள் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஸ்பெயினின் செவியா நகரில், குவாதல்கிவீர் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் திரியானாவில் குடியிருப்பவர்களின் சங்கம் எங்களுடையது. பயணிகளுக்கு நாள் கணக்கில் விடப்படும் வீடுகளைப் பற்றி நீங்கள் என்னதான் சொல்கிறீர்கள் என்று வீட்டு உரிமையாளர்களும் மாநகராட்சி உறுப்பினர்களும் ஊருக்கு வருகிறவர்களும் எங்களைக் கேட்கிறார்கள். எங்கள் பதில் இது. தான் வாழும் வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்கு விடுகிறவரை ஆதரிக்கிறோம். பிற குடும்பங்கள் வாழும் கட்டடத்தில், யாரும் குடியிராத முழு வீட்டை நாள் வாடகைக்கு விடுவதை எதிர்க்கிறோம். திரியானாவில் இனிப் புதிதாக ஒரு அனுமதிகூடத் தரப்படக் கூடாது. ஏற்கெனவே கொடுத்த அனுமதி, அந்த வீடு விற்கப்படும்போது காலாவதியாக வேண்டும்.

திரியானாவுக்கு இந்த நெருக்கடி ஏன் வந்தது என்பதற்கு வரைபடமே போதும். 1852-ல் கட்டி முடித்த இரண்டாம் இசபெல் பாலத்தைத் தாண்டினால் பழைய நகரம். அங்கே பேராலயம், அல்காசர் அரண்மனை, இந்தியத் தீவுகளின் ஆவணக் காப்பகம் ஆகிய மூன்றும் 1987-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றை ஒட்டிய சாந்தா குரூஸ் பகுதியின் சந்துகளில் முதலில் சுற்றுலா வீடுகள் நிறைந்தன. அங்கே இடமும் விலையும் எட்டாமல் போனதும், பாலத்துக்கு இந்தப் பக்கம் வாங்க ஆரம்பித்தார்கள். ‘வரலாற்று மையத்திலிருந்து நடக்கும் தூரம்’ என்று விளம்பரத்தில் வரும் ஒற்றை வரி எங்கள் வீடுகளின் விலையையே மாற்றிவிட்டது. புனித வாரத்தில் திரியானாவின் எஸ்பெரான்சா மாதா ஊர்வலம் எங்கள் தெருவிலிருந்துதான் கிளம்புகிறது. ஏப்ரல் திருவிழா மைதானமோ 1973 முதல் பக்கத்துப் பகுதியான லோஸ் ரெமெதியோஸில். அந்த இரண்டு வாரங்களில் ஒரு பால்கனி வீட்டுக்கு ஓர் இரவுக்கு வாங்கும் தொகையைக் கேட்டால், மாத வாடகைக்கு விட எந்த உரிமையாளருக்கும் மனசு வராது.

எங்கள் கோபத்தின் ஆழம் புரிய வேண்டுமானால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். திரியானா மக்கள் வெளியேற்றப்படுவது இது முதல் தடவை இல்லை. இங்கே ஏழைகள் வாழ்ந்தது ஒண்டுக்குடித்தன வளவுகளில். நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் மாடி வராந்தா, குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லோருக்கும் பொதுவாகத் துவைக்கும் தொட்டி. மண்பாண்டத் தொழிலாளிகளும் ஆற்றுத் தொழிலாளிகளும் ஜிப்சி கொல்லர்களும் அங்கே கலந்து வாழ்ந்தார்கள். திரியானாவின் பெயரைத் தாங்கிய சோலேயா பாட்டு அந்த முற்றங்களிலும் பட்டறைகளிலும் வளர்ந்தது. 1950-களிலிருந்து 1970-கள் வரை வளவுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. காவா என்று எல்லோரும் அழைத்த இன்றைய பாகேஸ் தெல் கொரோ தெருவில் வாழ்ந்த ஜிப்சிக் குடும்பங்களையும், அவர்களோடு ஏராளமான பிற குடும்பங்களையும் நகரத்தின் ஓரத்தில் எழுப்பிய அடுக்குமாடிப் பகுதிகளுக்கு அனுப்பினார்கள். இன்று ஸ்பெயினின் மிக வறிய பகுதிகளில் ஒன்றாகச் சொல்லப்படும் பொலிகோனோ சூர் அப்படி நிரம்பியதுதான். அப்போது ‘பழுதான கட்டடம்’ என்றார்கள். இப்போது ‘ஒப்பந்தம் முடிந்துவிட்டது’ என்கிறார்கள். எஞ்சிய சில வளவுகளின் முற்றத்துப் பூந்தொட்டிகளைப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் போய்விட்டால் இந்த ஊருக்கு என்ன மிச்சம் இருக்கும்?

இன்றைய வெளியேற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. குடியிருப்பு வாடகைச் சட்டப்படி, உரிமையாளர் தனிநபரானால் குடித்தனக்காரருக்கு 5 ஆண்டும், நிறுவனமானால் 7 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. அந்தக் காலம் முடியும்போது, குறைந்தது நான்கு மாதம் முன்னதாக, ‘பூரோஃபாக்ஸ்’ என்னும் சான்றளிக்கப்பட்ட அஞ்சல் வருகிறது: புதுப்பிக்க மாட்டோம். சட்டப்படி அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. 2013-ல் செய்த திருத்தம் சுற்றுலா வாடகையை இந்தச் சட்டத்தின் வரம்பிலிருந்தே வெளியே எடுத்துவிட்டது. ஆக, ஒரே வீடு குடும்பத்துக்குப் போனால் ஐந்தாண்டுக் கடமை, பயணிக்குப் போனால் இரண்டு இரவுக் கணக்கு. குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்ல இதைவிட வலுவான காரணத்தைச் சட்டமே யாருக்கும் தயாரித்துக் கொடுத்திருக்க முடியாது.

காலியான வீட்டின் அடையாளம் தெருவிலேயே தெரியும். ஜன்னல் கம்பியில் எண்பூட்டுப் போட்ட சின்னச் சாவிப்பெட்டி ஒன்று தொங்கும். ஒரே கம்பியில் நான்கைந்து தொங்கும் ஜன்னல்களும் உண்டு. விடியற்காலை விமானத்துக்குக் கிளம்புகிறவர்களின் சக்கரப் பெட்டிகள் கல் பாவிய தெருவில் உருளும் சத்தம் மூன்றாம் மாடிவரை ஏறுகிறது. எந்த மணியை அடிப்பதென்று தெரியாமல் நள்ளிரவில் எல்லா வீட்டு மணியையும் அடிக்கிறார்கள். முற்றத்தில் ஒருவர் பேசினால் எல்லா அறையிலும் கேட்கும். இங்கே பிறந்தவர்களுக்கு அது தெரியும், நேற்று வந்தவருக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பாட்டி இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லை என்றால், அதைக் கவனிக்க எதிர்வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் அவரைத் தவிர நிரந்தரமாக யாரும் இல்லை என்ற நிலைக்குப் பல மாடிப்படிகள் வந்துவிட்டன.

சட்டம் அசையவே இல்லை என்று சொல்ல மாட்டோம். கட்டடத்தின் உரிமையாளர்கள் ஐந்தில் மூன்று பங்குப் பெரும்பான்மையோடு சுற்றுலா வாடகையைத் தடை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தெளிவுபடுத்தியது. 2025 ஏப்ரல் 3 முதல், புதிதாகத் தொடங்குகிறவர் அதே அளவு ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் வாக்கு உரிமையாளருக்குத்தான், குடித்தனக்காரருக்கு இல்லை. எட்டு வீட்டில் ஐந்தை ஒரே முதலீட்டாளர் வாங்கிவிட்ட கட்டடத்தில் அவர் சம்மதிக்காமல் தடைக்குத் தேவையான ஐந்தில் மூன்று பங்கு சேராது. மிச்சம் மூன்று வீட்டார் எந்தக் கூட்டத்தில் கை தூக்கி என்ன ஆகப்போகிறது? பழைய அனுமதிகளையும் இந்தச் சட்டம் தொடவில்லை.

மாநகராட்சி 2024-ல் கொண்டுவந்த வரம்பிலும் இதே ஓட்டைதான். ஒரு பகுதியின் மொத்த வீடுகளில் 10 சதவீதத்துக்கு மேல் சுற்றுலா வீடுகள் கூடாது என்கிறது அது. அந்த அளவை ஏற்கெனவே தாண்டிய பகுதிகளில் புதியவை வராது என்பது நல்லதே. ஆனால் தாண்டிய அளவு குறைய வழி சொல்லப்படவில்லை. தவிர, மக்கள் அண்டை அயலாராக வாழ்வது ஒரே மாடிப்படியில், பகுதியின் சராசரியில் யாரும் வாழ்வதில்லை. எனவே வரம்பைக் கட்டடம் கட்டடமாகக் கணக்கிட வேண்டும் என்கிறோம். சுற்றுலா வரி பற்றியும் கேட்கிறார்கள். அந்தலூசியாவில் அது இன்னும் இல்லை. வந்தால் தெரு சுத்தமாகலாம், ஆனால் ஒரு குடும்பமும் வீடு திரும்பாது.

எதிர்த்தரப்பில் நியாயம் இருக்கும் இடத்தை மறைக்க விரும்பவில்லை. எங்கள் உறுப்பினர்களிலேயே சுற்றுலா வீடுகளைச் சுத்தம் செய்து பிழைப்பவர்கள் உண்டு. பெற்றோர் விட்டுப்போன ஒரே ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு விட்டு, போதாத ஓய்வூதியத்தை ஈடுகட்டுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பல வீடுகள் வைத்திருக்கும் நிறுவனங்களோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். அதனால்தான் கைமாறும்போது காலாவதி என்கிறோம். நாளைக் காலை பூட்டு என்று சொல்லவில்லை. பார்சலோனா மேயர் 2024 ஜூனில் அறிவித்த வழி வேறு: அந்நகரின் 10,101 சுற்றுலா வீட்டு அனுமதிகளும் 2028 நவம்பருக்குள் முடிவுக்கு வரும். அதற்கு அடிப்படையான கத்தலோனிய ஆணையை அரசியல் சாசன நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏற்றது. அவ்வளவு தூரம் போகச் சட்டத்தில் இடம் இருக்கும்போது, நாங்கள் கேட்கும் குறைந்த அளவுக்கு ‘அதிகாரம் இல்லை’ என்ற பதில் எங்கள் மாநகராட்சியிடமிருந்து வரக் கூடாது.

அறை வாடகையை ஏன் ஆதரிக்கிறோம்? அந்தலூசியாவின் 2016-ஆம் ஆண்டு ஆணை ஆரம்பத்திலேயே இரண்டு வகையைப் பிரித்தது: முழு வீடாக விடுவது, உரிமையாளர் அதே வீட்டில் வாழ்ந்துகொண்டு அறையாக விடுவது. இரண்டாவது வகையில் வீடு வீடாகவே இருக்கிறது. விருந்தினர் சத்தம் போட்டால் முதலில் தூக்கம் கெடுவது வீட்டுக்காரருக்கு. குப்பையை எங்கே போடுவது, மீன் எந்தக் கடையில் நன்றாக இருக்கும், மதியம் ஏன் கடைகள் மூடியிருக்கின்றன என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். வருமானமும் தெருவிலேயே தங்குகிறது. அரசு ஊக்குவிக்க வேண்டியது இதைத்தான். நடைமுறையிலோ முழு வீட்டுக்காரரும் இவரும் ஒரே படிவத்தோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

வருகிறவர்களுக்கு எதிராக எங்களிடம் ஒரு சொல்லும் இல்லை. பார்சலோனாவில் 2024 ஜூலையில் போராட்டக்காரர்கள் சிலர் உணவகத்தில் உட்கார்ந்திருந்த பயணிகள் மீது தண்ணீர் பீய்ச்சினார்கள். எங்கள் ஊர்வலங்களில் அது நடக்காது, நடக்கவும் விடமாட்டோம். வருகிறவர்களிடம் கேட்பது இரண்டு. முன்பதிவுக்கு முன் விளம்பரத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூலை 1 முதல், இணையத் தளங்களில் வரும் குறுகிய கால வாடகைகளுக்கு நாடு முழுவதற்குமான பதிவு எண் கட்டாயமாகியிருக்கிறது. அடுத்து, அந்த வீட்டில் யார் வாழ்கிறார் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால் ஓட்டலையோ, உரிமையாளர் வாழும் வீட்டின் அறையையோ தேர்ந்தெடுங்கள்.

மாநகராட்சியிடம் கேட்பவை: கட்டட வாரியான வரம்பு, விற்பனையோடு காலாவதியாகும் அனுமதி, பதிவில்லாத வீடுகளைத் தேடிப் பிடிக்கப் போதுமான ஆய்வாளர்கள், சுற்றுலாவிலிருந்து வாடகைக்குத் திரும்பும் வீட்டுக்கு வீட்டுவரிச் சலுகை. எங்கள் பங்குக்கு, கட்டட உரிமையாளர் கூட்டங்களில் தடைத் தீர்மானம் கொண்டுவர விரும்புகிறவர்களுக்கு வரைவு எழுதித் தருகிறோம். பூரோஃபாக்ஸ் கையில் வந்தவர்கள் பதில் எழுதுவதற்கு முன், எதிலும் கையெழுத்திடுவதற்கு முன், சங்கத்துக்கு வாருங்கள். ஒப்பந்தத்தையும் வாடகை ரசீதுகளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.