சிரிக்க வச்சா சிலை, அழ வச்சாத்தான் விருது

கிரேஸி மோகன் 2019 ஜூன் 10ம் தேதி போனார். அன்னிக்கு ராத்திரி நம்மாளுங்க எல்லாரும் "இவருக்கு ஏன் பத்மஸ்ரீ கொடுக்கல"ன்னு கொதிச்சாங்க. ஒரே வாரத்துல எல்லாம் ஆறிப்போச்சு. கொடுக்காத அரசாங்கத்து மேல எனக்கு இருக்கிற கோவத்தை விட, செத்த அன்னிக்கு மட்டும் வர்ற இந்தக் கொதிப்பு மேலதான் கோவம் ஜாஸ்தி.

மனுஷன் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சவர். சுந்தரம் கிளேட்டன்ல வேலை பாத்துக்கிட்டே 1976ல 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். மேடை, டிவி, சினிமான்னு எழுதினார், நடிக்கவும் செஞ்சார். நம்ம ஜாதி மக்கா (இன்ஜினியர் ஜாதியைச் சொல்றேன், சண்டைக்கு வராதீங்க).

நம்ம ஊர்ல காமெடிக்காரனுக்குப் பெரிய விருது எப்பக் கிடைக்கும் தெரியுமா? அழும்போது. நாகேஷ் எத்தனை வருஷம் சிரிக்க வச்சார்! அவருக்குத் தேசிய விருது கிடைச்சது 1994ல வந்த 'நம்மவர்' படத்துக்கு. மகளைப் பறிகொடுத்த அப்பா வேஷம். அற்புதமான நடிப்பு, மறுக்கல. ஆனா 'திருவிளையாடல்' தருமிக்குக் கொடுக்க டெல்லில ஒரு கேட்டகரி கூடக் கிடையாது. சோவுக்கு 2017ல பத்மபூஷண் வந்தது, அதுவும் இறந்த பிறகு, பத்திரிகைத் துறைக்காக. "விவேக்குக்கு 2009ல பத்மஸ்ரீ கொடுத்தாங்களே, மனோரமாவுக்கு 2002ல கொடுத்தாங்களே"ன்னு கேப்பீங்க. சந்தோஷம். ரெண்டு பேருமே திரையில முகம் தெரிஞ்சவங்க. எழுதினவன் எங்கே?

சென்னை விருதுகள் கதை இன்னும் ஜோர். 2019ல கலைமாமணி விருது அறிவிச்சாங்க, 2011லேர்ந்து 2018 வரைக்கும் சேத்து, மொத்தம் 201 பேருக்கு. எட்டு வருஷ பாக்கியை அரியர்ஸ் பேப்பர் மாதிரி கிளியர் பண்ணாங்க. சின்னத்திரை விருதுகள் அதை விட மோசம். 2009 முதல் 2013 வரைக்குமான விருதுகளை அறிவிச்சது 2017ல, கையில கொடுத்தது 2022 செப்டம்பர் 4ம் தேதி. 2009ல வந்த சீரியல் பேரு அதுல நடிச்சவங்களுக்கே மறந்திருக்கும். அந்த விழா நடந்த இடம் எது தெரியுமா? கலைவாணர் அரங்கம். அவர் இருந்திருந்தா இதை வச்சே ஒரு காமெடி டிராக் எடுத்திருப்பார்.

கலைவாணர் எங்க ஊர்க்காரர் பாத்துக்கிடுங்க. நாகர்கோவில் ஒழுகினசேரி. வில்லுப்பாட்டு, நாடகக் கம்பெனின்னு வளந்தவர். சினிமால தன்னோட பகுதியைத் தானே யோசிச்சு, தன் ஆளுங்களையும் மதுரத்தையும் வச்சு எடுத்துக் கொடுப்பார். லட்சுமிகாந்தன் வழக்குல ஜெயிலுக்குப் போய் 1947ல விடுதலையாகி வந்தார். அதே வருஷம் நடராஜா கல்விக் கழகம் அவருக்குக் 'கலைவாணர்'னு பட்டம் கொடுத்தது, பம்மல் சம்பந்த முதலியார் கையால. அப்ளிகேஷனும் கிடையாது, சிபாரிசும் கிடையாது. இன்னிக்கும் பேரை விடப் பட்டம்தான் ஜனங்க வாயில நிக்குது. சுடச்சுடக் கொடுத்தா அப்படித்தான்.

நாங்க பதிலுக்கு என்ன செஞ்சோம்? மணிமேடைல சிலை வச்சோம். 2023ல திறந்த மாநகராட்சிப் புதுக் கட்டிடத்துக்கு அவர் பேரை வைக்கணும்னு சண்டை போட்டு, 'கலைவாணர் மாளிகை'ன்னு வாங்கினோம். நல்ல காரியம்தான். வரி கட்டப் போறவன் அந்தப் பேரைப் பாத்துச் சிரிச்சுக்கிடலாம்.

இன்னொண்ணு. 'நல்லதம்பி' (1949) படத்துல வர்ற கிந்தனார் காலட்சேபத்தை என்.எஸ்.கே. பண்ணினார்னு எல்லாருக்கும் தெரியும். எழுதினது உடுமலை நாராயணகவின்னு எத்தனை பேருக்குத் தெரியும்? 'லொள்ளு சபா' பாக்காத ஆள் நம்மள்ல யாரு? சந்தானம், மனோகர், சுவாமிநாதன்னு மடமடன்னு சொல்லுவோம். அதை இயக்கின ராம்பாலா பேரு பாதிப் பேருக்கு 2016ல 'தில்லுக்கு துட்டு' வந்த பிறகுதான் தெரிஞ்சது. சேனல்காரங்களும் வருஷா வருஷம் விழா நடத்துறாங்க, தங்க சேனல் ஆளுங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கிடறாங்க. எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். ராத்திரி முழிச்சுக் கோடு எழுதுறவன் ஒருத்தன், கிளையண்ட் முன்னாடி டெமோ காட்டிக் கேடயம் வாங்குறவன் இன்னொருத்தன்.

"ஜனங்க சிரிப்புதான்யா பெரிய விருது"ன்னு சில பெரிய மனுஷங்க வருவாங்க. இதை ஏன் சார் சோக நடிகர்கிட்ட சொல்றதில்ல? "ஜனங்க கண்ணீரே போதும், தேசிய விருதைத் திருப்பிக் கொடு"ன்னு ஒருத்தராவது கேட்டிருக்காங்களா? சிரிப்பு வாடகை கட்டாது. எழுதினவன் பேரே தெரியாதப்போ அந்தச் சிரிப்பு அவன் வீடு வரைக்கும் போறதும் இல்ல.

டெல்லி கொடுக்கிறப்போ கொடுக்கட்டும். நாகர்கோவில் மாநகராட்சி ஒரு வேலை செய்யலாம். நவம்பர் 29 கலைவாணர் பிறந்தநாள். சிலைக்கு மாலை போடற அன்னிக்கே, அந்த வருஷம் தமிழ்ல டிவி காமெடி எழுதின ஒருத்தரைக் கூப்பிட்டு அவர் பேருல ஒரு விருது கொடுக்கட்டும். நடிச்சவருக்கு இல்ல, எழுதினவருக்கு. அந்த வருஷத்துக்கு அந்த வருஷமே.

இப்ப உங்களுக்கு ஒரு கேள்வி. டிவி காமெடி எழுதினவங்க பேரு அஞ்சு சொல்லுங்க. கிரேஸி மோகன் பேரு வேண்டாம், கூகுள் பாக்கக்கூடாது.