ஓய்வு பெறும் உபாத்தியாயர்

கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளில், பால்மரத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்தே தலை நரைத்த உபாத்தியாயர், 60 வயதில் மாலையும் பொன்னாடையும் ஏற்று வீடு திரும்பிய மறுநாளே, பிஸ்கட் டின்னில் மடித்துவைத்த நியமனக் கடிதத்தையும் மாற்றல் உத்தரவுகளையும் மேசைமேல் பரப்பிக்கொண்டு, தமக்குரியது எவ்வளவு என்று திகைப்பது நாம் காணும் காட்சி.

கணக்கென்னவோ எளிதுதான்: சேவை செய்த மாதங்களைக் கடைசிச் சம்பளத்தால் பெருக்கி 600ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம், 360 மாதம் நிறைந்தவருக்கு ஐந்தில் மூன்று பங்கு, அதுவே உச்சவரம்பு. ஆயினும் விட்டுப்போன ஒரு தாள் அனைத்தையும் தடுமாறச் செய்துவிடும்.

1974இல் உதயமான தேசிய ஆசிரியர் சங்கம், சம்பள விவகாரத்தோடு நில்லாது, ஓய்வுக்கு ஓராண்டு முன்பே கெடாவின் பட்டணந்தோறும் உறுப்பினரை அழைத்து, தஸ்தாவேஜுகளைச் சரிபார்த்து, தமிழிலேயே விளக்கும் சேவையைச் சிரத்தையுடன் நடத்துமாயின், சந்தாப் பணத்துக்கு அதனினும் மேலான பிரயோஜனம் வேறில்லை.