பழைய துணி குப்பை அல்ல!

கம்பெனிக் கழிவுக்கு விலை உண்டு. வீட்டுத் துணிக்கு ஏன் இல்லை?

ஒரு பனியன் கிழிந்து போகிறது. என்ன செய்கிறோம்? குப்பைத் தொட்டியில் போடுகிறோம். அத்துடன் அது நம் நினைவை விட்டுப் போய் விடுகிறது.

ஆனால், ஊரை விட்டுப் போவதில்லை!

திருப்பூர் மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த ஊரைச் சுற்றிப் பாறைக்குழிகள் உண்டு. கல் வெட்டி எடுத்தபின் கைவிடப்பட்ட பெரிய பள்ளங்கள் அவை. மாநகராட்சிக் குப்பையை அவற்றில் கொட்டினார்கள். சுற்றுவட்டாரக் கிராம மக்கள் எதிர்த்தார்கள். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப் போகும் என்பது அவர்களுடைய அச்சம். 2025-ம் ஆண்டில் அது பெரிய போராட்டமாகவே மூண்டது.

குப்பையில் துணி மட்டுமா இருக்கிறது? இல்லை. ஆனால், குப்பைக்கே போக வேண்டாத பொருள்களில் துணியும் ஒன்று. இந்தப் பாடத்தைச் சொல்லித் தருவதும் அதே திருப்பூர்தான்!

துண்டுக்கும் விலை!

பனியன் கம்பெனியில் துணியை வெட்டும்போது முன்பக்கம், பின்பக்கம், கை என்று பகுதி பகுதியாக எடுப்பார்கள். ஓரத்தில் சிறு சிறு துண்டுகள் மிஞ்சும். அவற்றுக்கு "கட்டிங் வேஸ்ட்" என்று பெயர்.

இதை யாரும் வீதியில் எறிவதில்லை. எடை போட்டு விற்கிறார்கள். வெள்ளைத் துண்டுக்கு ஒரு விலை; வண்ணத் துண்டுக்கு ஒரு விலை. கொஞ்சம், பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் போகிறது. மீதியில் பெரும்பகுதி "ஓ.இ. மில்" எனப்படும் நூற்பாலைகளுக்குப் போகிறது. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இந்த மில்கள் நிறைய இருக்கின்றன.

அங்கே என்ன நடக்கிறது? முதலில் துண்டுகளை நிறம் வாரியாகப் பிரிக்கிறார்கள். பிறகு முள் பதித்த உருளைகள் கொண்ட இயந்திரம், துணியைப் பிய்த்துப் பஞ்சாக்கி விடுகிறது. பிய்த்த பஞ்சின் இழை குட்டையாக இருக்கும். அதனால் மெல்லிய நூல் வராது. வேறு பஞ்சையும் கலந்து, தடித்த நூலாக நூற்கிறார்கள். அந்த நூல் போர்வை, மிதியடி, தரைவிரிப்பு என்று மறுபிறவி எடுக்கிறது!

இதில் இன்னொரு லாபமும் உண்டு. சிவப்புத் துணியில் இருந்து சிவப்பு நூல் வருகிறது. நீலத் துணியில் இருந்து நீல நூல் வருகிறது. புதிதாகச் சாயம் போட வேண்டியதில்லை.

சாயம் வேண்டாம் என்பது திருப்பூரில் சாதாரண விஷயமா? சாயக் கழிவு கலந்து நொய்யல் ஆறு பாழானது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீர் பயிருக்கு உதவாமல் போனது. 2011-ம் ஆண்டு ஜனவரியில், சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர்கள் வேலை இழந்து தவித்தார்கள். ஆற்றையும் கெடுத்து, பிழைப்பையும் கெடுத்தது அந்தச் சாயத் தண்ணீர்!

வீட்டுத் துணியின் கதி

கம்பெனித் துண்டுக்கு இவ்வளவு மதிப்பு. நம் வீட்டுப் பழைய துணிக்கு ஏன் இல்லை?

காரணம் எளிது. கம்பெனித் துண்டு புதியது, சுத்தமானது. அது பருத்தியா, பாலியெஸ்டரா என்று விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். நம் வீட்டுத் துணியோ பல வகை. பட்டன் இருக்கும், ஜிப் இருக்கும், எலாஸ்டிக் இருக்கும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்திருக்கும். இதையெல்லாம் பிரித்து எடுக்கக் கூலி கொடுத்தால் மில்லுக்குக் கட்டுமா? ஆகவேதான் அது குப்பைக்குப் போகிறது.

இது நம் ஊர்த் தொல்லை மட்டும் அல்ல. பணக்கார நாடுகள் கழித்துக் கட்டும் துணி, தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் மலையாகக் கிடக்கிறது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டுச் சந்தைக்குக் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது.

ஐரோப்பிய நாடுகள் இப்போது விழித்துக் கொண்டிருக்கின்றன. 2025 ஜனவரி 1-ந் தேதி முதல், பழைய துணியைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய யூனியன் சட்டம். திருப்பூர் பனியனை வாங்கும் நாடுகள் அவை. தங்கள் ஊரில் துணி குப்பையாகக் கூடாது என்பவர்கள், வாங்கும் துணியிலும் மறுசுழற்சி நூல் இருக்கிறதா என்று பார்க்கத்தானே செய்வார்கள்? பழைய துணி இனி வியாபார விஷயமும் ஆகி விட்டது.

பாட்டி செய்தது என்ன?

நம் பாட்டிமார்களுக்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. பழைய நூல் சேலை தொட்டில் ஆனது. நைந்த வேட்டி, பிறந்த குழந்தைக்குத் துணி ஆனது. வடகம் காயப் போடும் விரிப்பு ஆனது. கடைசியில் விளக்குத் திரியும் ஆனது. மிஞ்சியதைத் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டுக் கிண்ணம் வாங்கினார்கள்.

அப்போது துணி அருமையாக இருந்தது. வருடத்துக்கு ஓரிரு முறைதான் புதுத்துணி. இப்போது மலிந்து விட்டது. மலிந்ததால் மதிப்பும் போய் விட்டது.

உண்மையில் துணி மலிவுதானா? ஒரு டி-சர்ட்டுக்கு வேண்டிய பருத்தி விளைவது முதல் துணி ஆவது வரை சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவர் நாளுக்கு 3 லிட்டர் குடித்தால், அது 900 நாள் குடிதண்ணீர். கடையில் நாம் கொடுக்கும் விலையில் இந்தக் கணக்கு தெரிவதில்லை.

நீங்களே செய்யலாம்

முதலில் துணியைப் பிரியுங்கள். பருத்தியா என்று சந்தேகமா? ஒரு நூலை உருவி, தண்ணீர்த் தட்டின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணி போல ஆகும். (இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.) பாலியெஸ்டர் கலந்த துணியைச் சூடான பாத்திரம் பிடிக்க வைத்துக் கொள்ளாதீர்கள். உருகிக் கையில் ஒட்டும்.

பை: பழைய டி-சர்ட்டின் கைகளை வெட்டி எடுங்கள். கழுத்தை அகலமாக வெட்டுங்கள். அடிப்பக்கத்தை இரட்டைத் தையலால் மூடுங்கள். தோள்பட்டையே கைப்பிடி! தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் தொடங்கியது. புதுத்துணிப் பைக்குப் புதுப் பருத்தி வேண்டும். இந்தப் பைக்கு அதுவும் வேண்டாம்.

மிதியடி: பனியனில் அக்குளுக்குக் கீழே உள்ள பகுதி குழாய் போல இருக்கும். அதைக் கீழிருந்து சுற்றிச் சுற்றி, ஓர் அங்குல அகலத்தில் வெட்டுங்கள். ஒரே நீள நாடா கிடைக்கும். இழுத்து விட்டால், ஓரம் சுருண்டு கயிறு போல ஆகும். மூன்று நாடாவைச் சடை போலப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் மிதியடி தயார்.

இதை விற்றுப் பணக்காரர் ஆகலாமா? முடியாது. ஒரு பை தைக்க ஆகும் நேரத்துக்கு ஏற்ற விலை சந்தையில் கிடைப்பது கடினம். ஆனால், கடையில் வாங்கும் பையும் மிதியடியும் மிச்சம். பணம் வீட்டில் நிற்கும்.

ஊர் செய்ய வேண்டியது

தைக்க நேரம் இல்லாத வீடும் உண்டு. அந்தத் துணி எங்கே போவது? இங்குதான் மாநகராட்சியும் பனியன் தொழில் அதிபர்களும் முன்வர வேண்டும். டில்லியில் 1999-ல் தொடங்கிய "கூஞ்ச்" என்ற அமைப்பு, நகரங்களில் பழைய துணியைச் சேகரித்து, பிரித்து, திருத்திக் கிராமங்களுக்கு அனுப்புகிறது. டில்லியில் முடிந்தது திருப்பூரில் முடியாதா? ஓவர்லாக் ஓட்டத் தெரிந்த கைகள் அங்கே எத்தனை ஆயிரம்! மாதம் ஒரு நாள், துணியை மட்டும் தனியாக வாங்கிக் கொள்ள வண்டி வரட்டும். பிரிக்கவும் தைக்கவும் மகளிர் குழுக்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்கட்டும்.

அது வரும்வரை, தாய்மார்களே, ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் ஒரு மூலையில் பழைய துணிக்கென்று ஒரு சாக்கு வையுங்கள். குப்பைக்குப் போகுமுன் ஒவ்வொரு துணியும் அந்தச் சாக்குக்குள் போகட்டும்.

உலகத்துக்குச் சட்டை தைத்துக் கொடுப்பது திருப்பூர். கிழிந்த சட்டைக்கு வழி காட்டும் பெருமையும் திருப்பூருக்கே வரட்டும்!