காலணியையும் கழற்றினார்

"ஸூபிகள்தான் ஸார் சுதந்திரமானவர்கள்! குர்ஆன் வசனத்தில் சொல்லைக் கட்டிக்கொண்டு அழாமல், மனசுக்குத் தோன்றிய அர்த்தத்தைச் சொன்னார்கள்" என்றார் ஓர் இலக்கிய நண்பர். ஏசியிருந்தால் சும்மா இருந்திருப்பேன். மெச்சினார், அதுதான் பொறுக்கவில்லை.

ஏச்சு பழைய சங்கதி. நிஷாப்பூரில் சுலமீ (மறைவு 1021) முன்னோர்களான ஸூபிகளின் விளக்கங்களைத் திரட்டி நூலாக்கினார். அதே ஊர்க்காரரான வாஹிதீ, இதைத்தான் தஃப்ஸீர் என்று சுலமீ நம்பியிருந்தால் அவர் இறைமறுப்பாளரே என்று தீர்ப்புச் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கடுமைதான். ஆனால் வாஹிதீ அந்த நூலைப் பொருட்படுத்தினார். என் நண்பர் ஒரு பக்கம் புரட்டியதில்லை.

இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) 'மிஷ்காத்துல் அன்வார்' நூலில் மூஸா நபியின் கதைக்கு வருகிறார். துவா பள்ளத்தாக்கில், காலணிகளைக் கழற்று என்று கட்டளை பிறக்கிறது. இரண்டு காலணிகளும் இம்மையும் மறுமையுமாம். இரண்டையும் உதற வேண்டுமாம். ஆஹா என்று நண்பர் இங்கேயே எழுந்து போய்விடுவார். கஸ்ஸாலி விடுவதில்லை. மூஸா நபி உள்ளே இரு உலகையும் உதறினார். வெளியே காலணியையும் கழற்றினார் என்கிறார். நாய் இருக்கும் வீட்டில் வானவர்கள் நுழையமாட்டார்கள் என்ற நபிமொழிக்கும் அப்படியே. வீடு என்பது உள்ளம், நாய் என்பது கோபம், சரி. அதற்காக வீட்டில் நாயை வைத்துக்கொண்டு தத்துவம் பேசாதே! (என் கதையில் நாய் வந்தால் அது எதன் குறியீடு என்று கடிதம் போடுகிற வாசகர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். அது முதலில் கடிக்கிற நாய்.)

மைபுதீ 1126-ல் பாரசீகத்தில் ஆரம்பித்த 'கஷ்ஃபுல் அஸ்ரா'ரைப் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று சுற்று. முதலில் நேர் மொழிபெயர்ப்பு. அடுத்தது சொல் ஆராய்ச்சி, சட்டம், வசனம் இறங்கிய சந்தர்ப்பம். அதன் பிறகே மூன்றாவதாக ஸூபிகளின் உட்குறிப்பு. அச்சில் பத்து வால்யூம்! மனசுக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டுப் போகிறவன் செய்கிற காரியமா இது?

எல்லை தாண்டியவர்களே இல்லையென்று நான் சாதிக்கவில்லை. ஆனால் குஷைரீ தம் நூலின் தலைப்பிலேயே 'இஷாரா' என்ற சொல்லை வைத்தார். சைகை என்று பொருள். சொல்லை அழித்துவிட்டால் சைகை எங்கிருந்து வரும்?

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர் கேட்டார்: "அந்த மூன்றாவது சுற்றை மட்டும் யாராவது தனியாகப் போட்டிருக்கிறார்களா, ஸார்?"