சாத்திய சன்னல்கள்

கிரிவலப் பாதைக்குச் சற்றுத் தள்ளி எழுந்த நான்கு மாடி அடுக்ககத்தில் நாம் குடியேறி ஆறு கோடைகள் கடந்துவிட்டன. கட்டியவர் காற்றுக்குக் குறை வைக்கவில்லை. தெற்கு நோக்கி அகன்ற சன்னல்கள். ஆனால் எந்த வீட்டிலும் அவை திறந்திருந்து நாம் கண்டதில்லை. மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் சமையலறை வரை வந்து பழத்தட்டைக் காலி செய்துவிடுகின்றன. அவை ஓய்ந்தால் கொசு. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட்டோ, நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் வெப்பத்தை அறைக்குள் விடத் தொடங்குகிறது. வெளியே காற்று குளிர்ந்திருக்க, உள்ளே ஏ.சி. ஓடுகிறது.

2018இல் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்பு விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்ப ஈரப்பத ஊர்களில் திறக்கக்கூடிய பரப்பு வீட்டின் உட்பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். திறக்கக்கூடியது திறக்கப்படுமா என்பது அதன் கணக்கில் இல்லை. விந்தை என்னவென்றால், ஏ.சி. விஷயத்தில் இதே அரசு மனித சுபாவத்தைச் சரியாகவே கணித்தது. 2020 சனவரி முதல் நட்சத்திரக் குறியீட்டு ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்றது. வந்த எண்ணை மாற்றப் பலர் மெனக்கெடுவதில்லை என்பதே அதன் அடிப்படை.

வகுப்பில் நெடுநல்வாடை நடத்தும்போது, நிழல் பார்த்துத் திசை குறித்து அரண்மனை வகுத்தவர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வோம். அதே பாட்டில், தென்றல் நுழையும் வேனிற் படுக்கையறையின் சன்னல்கள் கூதிரில் தாழிடப்பட்டுக் கிடப்பதையும் நக்கீரர் காட்டுகிறார். அந்தத் தாழை மாணவர்களிடம் நாம் விரித்துச் சொன்னதில்லை.

மும்பையில் 1983இல் முடிந்த 28 மாடிக் காஞ்சன்ஜங்கா குடியிருப்பில் சார்லஸ் கொரியா, பழைய பங்களாவின் தாழ்வாரத்தை உயரத்துக்கு ஏற்றினார். மேற்கே கடற்காற்றும் உண்டு, மாலை வெயிலும் பருவமழையும் உண்டு. ஆகவே வீட்டுக்கும் வெளிக்கும் இடையே இரண்டு மாடி உயரத் தோட்டத் தளங்களை வைத்தார். செல்வந்தர் வீடுகள்தாம். எனினும் மழைக்கும் வெயிலுக்கும் மக்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று முதலில் யோசித்த கட்டிடம் அது. நம் ஊருக்கு அவ்வளவு வேண்டாம். குரங்குக்குக் கம்பியும் கொசுவுக்கு வலையும் வரைபடத்திலேயே இருக்கட்டும்; அவை இல்லாத சன்னலைக் காற்றுவழியாகக் கணக்கிட வேண்டாம்.

நாம் சொந்தச் செலவில் இரண்டையும் பொருத்திக்கொண்டோம். பதினொரு மணிக்குமேல் ஏ.சி. தேவைப்படுவதில்லை. நான்காம் மாடியில் வாடகைக்கிருக்கும் முதிய தம்பதிக்குச் சுவரில் துளையிட வீட்டுக்காரர் அனுமதி தரவில்லை. மொட்டைமாடியில் படுக்கலாம் என்றால், அதன் கதவை எட்டரை மணிக்கே குடியிருப்போர் சங்கம் பூட்டிவிடுகிறது.