ரங்கத்திலும் திறக்க வேண்டிய பக்கம்

நடு அந்தமானில் உள்ள ரங்கத் சிற்றூரே எனினும், நவீன விஞ்ஞான சாதனங்களின் பெருமையையும் குறையையும் ஒருங்கே காட்டவல்ல ஊர் ஆகும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து பிற தீவுகளுக்குமாக இடப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்ற கடலடி ஒளியிழை வடம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுடையது. அத்திட்டத்தில் இணைக்கப்பெற்ற இடங்களுள் ரங்கத்தும் ஒன்று. அதற்கு முன்னர் இத்தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது.

வடம் வந்தபின் தொல்லை தீர்ந்தது என்று கருதுவார் உளர். ஒரு பகுதி தீர்ந்தது மெய்யே. மற்றொரு பகுதி கடலில் கிடக்கவில்லை. வலைப் பக்கங்களை ஆக்குவோரின் மேசைமேல் கிடக்கிறது.

இதனைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளின் வழியே ஒரு வேண்டுகோள் சென்று அதன் விடை திரும்புவதற்கு, வானொலி அலை அவ்வுயரத்தை நான்கு முறை கடக்க வேண்டும். ஒளியின் வேகத்தில் சென்றாலும் இதற்கு ஏறத்தாழ அரை விநாடி ஆகும். ஒளியிழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லுமாதலால், வடத்தின் முழு நீளத்தையே போய்த் திரும்பினாலும் 23 மில்லிவிநாடி போதும். இனி, ஒரு பக்கம் திறக்கும் முறையைக் கவனிப்போம். உலாவி முதலில் பக்கத்தின் மூலத்தைக் கேட்டுப் பெறுகிறது. அதைப் படித்த பின்னரே அழகுக்கான சி.எஸ்.எஸ். கோப்பு ஒன்று வேண்டுமென அறிகிறது. அக்கோப்பு வந்த பின்னரே எழுத்துரு வேண்டுமெனத் தெரிகிறது. நிரற்கோப்பு ஒன்று வந்து, அது வேறொன்றை அழைக்கிறது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் படிகள் அமைந்துவிட்டால், செயற்கைக்கோள் வழியில் காத்திருப்பு மட்டும் ஐந்து விநாடி. வழி எத்துணை அகலமாயினும் இக்காத்திருப்புக் குறையாது. வடம் பழுதுபட்ட நாளிலும், கைப்பேசி அலை மெலிந்த மலைப்புறத்திலும் இதை ஒத்த துன்பமே. நகரத்து அலுவலகத்தில் அமர்ந்து பக்கம் ஆக்கியவருக்கு அப்பத்துப் படிகள் இருப்பதே தெரியாது.

வேகம் இவ்வாறாக, உலாவிகளின் வேற்றுமை இன்னொரு தொல்லை. உலக வலைக்குப் பொது நியமங்கள் வகுக்கும் கூட்டமைப்பை டிம் பெர்னர்ஸ்-லீ 1994இல் நிறுவினார். ஆயினும் அடுத்த சில ஆண்டுகளில் நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் போட்டியிட்டுத் தத்தமக்கு வேண்டிய புது வசதிகளைப் புகுத்தின. தமிழ் இதில் பட்ட பாடு தனிக்கதை. 1990களின் இறுதியில் தமிழ்ப் பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்ப விரும்பியவர், நெட்ஸ்கேப்புக்கு ஒருவகைக் கோப்பும் எக்ஸ்புளோரருக்கு வேறுவகைக் கோப்பும் செய்து வைக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி, இதழுக்கு ஒரு குறியீடு, நிறுவனத்துக்கு ஒரு குறியீடு என வழங்கி வந்தனர். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் செய்தித்தாள் முழுவதும் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகத் தோன்றும். யூனிகோட் பரவியதாலும், வலை எழுத்துருவுக்கான பொது வடிவம் 2012இல் நியமமாக ஏற்கப்பட்டதாலும் அந்நிலை மாறிற்று. எந்தத் தனி நிறுவனத்தின் திறமையாலும் அது மாறவில்லை. பலர் ஒரே விதிக்கு உடன்பட்டதால் மாறிற்று.

ஆயினும் தமிழுக்கே உரிய சில வழுக்கள் இன்றும் உள. ‘பொன்னன்’ என்னும் பெயரின் முதலெழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்பதே நியமம். அதனைப் பின்பற்றாத தேடற்கருவி, பட்டியலில் உள்ள மாணவனையே இல்லையென்று சொல்லிவிடும். ‘கௌரவம்’ என்பதன் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ளகரமும் தட்டச்சிடுவது வேறுவகைப் பிழை. அது தட்டச்சிடுபவருடையது, அதை நியமமும் பொறுத்துக்கொள்ளாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாக உடையோர். பெயர்ப் பட்டியல் அவர்களுக்கு விளையாட்டன்று.

தமிழ் எழுத்து யூனிகோடில் இடம் மிகுதியாகப் பிடிக்கும் என்று சாக்குச் சொல்லி, சுற்றறிக்கையைப் படமாக ஒற்றி வெளியிடும் வழக்கமும் உண்டு. தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும் என்பது சரியே. இரண்டாயிரம் குறிகள் கொண்ட பக்கத்துக்கு ஆறாயிரம் பைட். அனுப்பும்போது சுருக்கினால் அதனினும் குறையும். அதே பக்கத்தின் தெளிவான படமோ பன்மடங்கு பெரிது. அதில் தேடவும் முடியாது. பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் கருவியும் வாயடைத்து நிற்கும். இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வெளிவந்து, 2023இல் மூன்றாம் பதிப்பையும் கண்டுவிட்ட பின்னரும் இவ்வழக்கம் தொடர்வது வருந்தத்தக்கது.

இங்கே பக்கம் ஆக்குவோர் பலரும் மறந்துவிடும் நுட்பம் ஒன்றுண்டு. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் பிழைபடும் வகை வேறு வேறு. தனக்குத் தெரியாத எச்.டி.எம்.எல். குறியைப் பழைய உலாவி புறக்கணித்துவிட்டு, உள்ளிருக்கும் சொற்களைக் காட்டிவிடும். தெரியாத சி.எஸ்.எஸ். கட்டளையைத் தாண்டிச் செல்லும். அழகு குறையுமேயன்றிப் பொருள் குறையாது. ஜாவாஸ்கிரிப்ட் அத்தகைய பொறுமை உடையதன்று. அறியாத புது வாக்கிய அமைப்பு ஓரிடத்தில் வந்தாலும் அந்நிரற்கோப்பு முழுவதும் இயங்காது. படிவம் முழுவதையும் அதன்மேலேயே கட்டியிருந்தால், பழைய கைப்பேசி வைத்திருக்கும் ஆசிரியர் காண்பது வெண்திரை ஒன்றே. ஆகவே சொல்லும் படிவமும் எச்.டி.எம்.எல்.லில் நிற்க, ஏனையவை அதன்மேல் ஏறி அமர்தல் முறை. வீட்டுக்கு அடித்தளம் எது, வண்ணப்பூச்சு எது என்று தெரியாத கொத்தனாரை எவரும் வேலைக்கு அழைப்பதில்லை.

தேதிக் கட்டத்தையே பாருங்கள். நாட்காட்டியோடு தோன்றும் தேதிக் கட்டம் ஃபயர்பாக்ஸில் 2017இலும், கணினிக்கான சஃபாரியில் 2021இலுமே முழுமையாக வந்தது. அதற்கு முற்பட்டவற்றில் அது வெறும் எழுத்துக் கட்டமாகவே தோன்றும். புதிய உலாவி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அனுப்பும். பழைய கட்டத்திலோ 5-6 என்று ஒருவர் எழுதுவார். அது ஜூன் ஐந்தா, மே ஆறா? பெறும் இடத்தில் இதைச் சோதிக்காவிட்டால், குழந்தையின் பிறந்த நாளே பதிவேட்டில் மாறிவிடும்.

பழைய சாதனங்களுக்காகப் புதுமையைத் தடுப்பதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன உலாவியில் பணம் செலுத்துவது ஆபத்து. அதை யாரும் ஊக்குவிக்கலாகாது. எல்லாத் திரையிலும் ஒரே அழகு தோன்ற வேண்டும் என்பதும் இங்குக் கோரிக்கையன்று. செய்தி படிக்கப்பட வேண்டும், படிவம் சென்று சேர வேண்டும் என்பதே கோரப்படுவது. “இன்ன உலாவியில் மட்டும் காண்க” என்று பக்கத்தின் அடியில் எழுதுவது, ஆக்கியவர் தம் வேலையின் பாதியைப் படிப்பவர் தலையில் கட்டுவதாகும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரை நம்பி அவ்வாறு எழுதியவர்களுக்கு, 2022 ஜூன் 15இல் மைக்ரோசாஃப்ட் அவ்வுலாவிக்கு ஓய்வளித்தபோது அவ்வாசகமே பழியாயிற்று. அதே ஆண்டு முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா முதலியோர் ‘இன்டராப்’ என்னும் கூட்டு முயற்சியில், உலாவிகளிடையே முரண்படும் பகுதிகளைத் தேர்ந்து ஆண்டுதோறும் சரிசெய்து வருகின்றனர். வணிகப் போட்டியாளர்களுக்கு இயல்வது அலுவலகங்களுக்கு இயலாதா?

சோதனைக்குப் பொருட்செலவும் இல்லை. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் ஆக்குவோர்க்கான கருவிகளில், இணைப்பின் வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துப் பார்க்கும் வசதி உண்டு. டெல்லியிலோ சென்னையிலோ இருப்பவர் எழுந்து செல்லாமலே மெலிந்த இணைப்பின் துன்பத்தை அறியலாம். வெளியிடுமுன் ஒருமுறை அவ்வாறு திறந்து பார்க்காத பொதுப் பக்கத்தை முடிவுற்ற வேலையாக ஏற்கலாகாது.

ஆசிரியரும் கள ஊழியரும் செய்யக்கூடியதும் உண்டு. “தளம் வேலை செய்யவில்லை” என்ற முறையீடு எவருக்கும் பயன்படாது. உலாவியின் பெயர், பதிப்பெண், சாதனம், பக்கத்தின் முகவரி, செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, தோன்றியது என்ன என்பவற்றை எழுதி, பிறர் விவரங்களை மறைத்த திரைப்படம் ஒன்றும் சேர்த்தால், பழுது எங்கே என்று ஆக்கியவர் கண்டுகொள்வார். பிழை உலாவியிலேயே இருப்பின் மொசில்லா, குரோமியம், வெப்கிட் ஆகியவற்றின் வழுப் பதிவேடுகள் எவரும் எழுதத்தக்கவாறு திறந்தே உள்ளன. தமிழ் எழுத்து உடைந்து தோன்றுவதைத் தமிழ் படிக்கத் தெரிந்தவரே கண்டு எழுத முடியும்.